மாரிஸ்பி யூகலிப்டஸ்: இரண்டு குன்றுகளில் மிஞ்சிய மரத்தைக் காப்பது எப்படி?

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் யூகலிப்டஸ் தோட்டங்களை அகற்றிவிட்டுச் சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்க வேண்டும் என்று நாம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். அரசும் நீதிமன்றமும் வரை போன விஷயம் இது. ஆனால் உலகின் யூகலிப்ட் இனங்களில் ஏறத்தாழ கால்வாசி அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2019இல் அறிவித்தது. இரண்டு செய்திகளையும் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். இங்கே வெட்டச் சொல்கிற மரத்தை அங்கே காப்பாற்றச் சொல்கிறார்களே, எது சரி?

இரண்டுமே சரிதான். ஏன் என்று புரிந்துகொள்ள, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் இரண்டு குன்றுகளில் மட்டும் இயற்கையாக மிஞ்சியிருக்கும் ஒரு சிறிய மரத்தைப் பார்க்கலாம். அதன் பெயர் யூகலிப்டஸ் மாரிஸ்பியை. ஒரு மரத்தைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

யூகலிப்டஸ் என்பது ஒரே மரம் அல்ல

நாம் தைலமரம், கற்பூரமரம், ஆர்.எஸ்.பதி என்று ஊருக்கு ஊர் வேறு பெயரில் அழைப்பது யூகலிப்டஸ் பேரினத்தின் ஓரிரு இனங்களைத்தான். அந்தப் பேரினமும் அதன் நெருங்கிய உறவுப் பேரினங்கள் இரண்டும் சேர்ந்தால் 800க்கு மேற்பட்ட இனங்கள் வரும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவில் மட்டுமே இயற்கையாக வளர்பவை.

ஊட்டியில் தைலம் எடுக்கப்படும் நீலப் பிசின்மரம், அதாவது யூகலிப்டஸ் குளோபுலஸ், டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. பிரெஞ்சு தாவரவியலாளர் லபிலார்டியேர் 1792இல் அந்தத் தீவின் தென்கரையில் இதைச் சேகரித்தார். 1843இல் அது நீலகிரிக்கு வந்தது. பின்பு விறகுக்காகப் பெருமளவில் நடப்பட்டது. வேகமாக வளரும், வெட்டினால் துளிர்க்கும், மாடு கடிக்காது. இந்தக் குணங்களால்தான் அது உலகெங்கும் பரவியது.

அந்தக் குளோபுலஸின் சொந்த மண்ணிலேயே, சில கிலோமீட்டர் தள்ளி, மாரிஸ்பி மரம் நிற்கிறது. ஒரே பேரினம், ஒரே தீவு. ஒன்றின் சந்ததி கண்டங்கள் தாண்டிக் கோடிக்கணக்கில் பெருகியிருக்கிறது. மற்றொன்றை இரண்டு குன்றுகளுக்கு வெளியே தேடினால் ஓரிரு சிதறிய எச்சங்கள்தான் அகப்படும். ‘யூகலிப்டஸ் நிறைய இருக்கிறது’ என்பது மாரிஸ்பியின் நிலையைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

மரம் எப்படி இருக்கும், எங்கே இருக்கிறது

மாரிஸ்பி உயரமான மரம் அல்ல. 12 மீட்டர் வளர்ந்தால் அதிகம். அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து நிற்பதும் உண்டு. வழுவழுப்பான பட்டை நீள நாடாக்களாக உரியும். இளம் செடியின் இலைகள் காம்பில்லாமல் எதிரெதிரே ஒட்டிக்கொண்டு வட்டமாக இருக்கும். அவற்றின் மேல் விரலால் தேய்த்தால் போய்விடும் வெண்ணிற மெழுகுப் பூச்சு இருக்கும். மரம் முதிர்ந்ததும் இலை நீண்டு, காம்பு பெற்று, சாம்பல் பச்சையாகிவிடும். மொட்டுகள் மூன்று மூன்றாக வரும். மொட்டின் தலையில் உள்ள மூடி கழன்று விழுந்ததும் வெள்ளை மகரந்தத் தாள்கள் விரியும். பூ என்று நாம் பார்ப்பது அந்தத் தாள்களைத்தான்.

டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டின் கிழக்கே, டெர்வென்ட் ஆற்றின் அக்கரையில் இதன் இரண்டு முக்கிய இடங்கள் உள்ளன. ஒன்று, தென்கிழக்கே கிரமோர்ன் அருகே உள்ள கால்வர்ட்ஸ் குன்று. 1990களில் சுமார் 2,000 மரங்களோடு இதுவே பெரிய கூட்டமாக இருந்தது. மற்றொன்று, வடக்கே ரிஸ்டன் குன்றுப் பகுதி. அங்கே இருந்தது இருபது மரங்கள் வாக்கில்தான். இரண்டுக்கும் இடையே 20 கிலோமீட்டர் அளவு தூரம்.

ஒரு வட்டாரத்தில் மட்டும் வாழும் இத்தகைய உயிரினங்களை ஓரிடவாழ்விகள் என்கிறோம். டாஸ்மேனியாவின் 30 சொச்சம் யூகலிப்டஸ் இனங்களில் பாதிக்கு மேல் அந்தத் தீவுக்கே உரிய ஓரிடவாழ்விகள். ஆனால் மாரிஸ்பி அளவுக்குச் சுருங்கிப்போனவை வெகு சில.

ஏன் இப்படிச் சுருங்கியது? மாரிஸ்பியின் நெருங்கிய உறவு யூகலிப்டஸ் கன்னியை. இது தீவின் நடுவே உயரமான, கடுங்குளிர் பீடபூமியில் வளர்வது. குளிர் மலை மரத்தின் உறவுக்காரன் கடலோரத் தாழ்நிலத்தில், ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் வாக்கில் மழை பெறும் வறண்ட பகுதியில் என்ன செய்கிறது? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் பனியூழிக்குப் போகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. டாஸ்மேனியா ஆஸ்திரேலியப் பெருநிலத்தோடு ஒட்டியிருந்தது. உயர்நிலங்கள் குளிரில் உறைய, இத்தகைய மரங்கள் தாழ்நிலங்களில் வாழ்ந்தன. பிறகு வெப்பம் ஏறியது, கடல் உயர்ந்து டெர்வென்ட் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது, மற்ற இனங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. மாரிஸ்பி அந்தப் பழைய காலத்தின் எச்சமாக இரண்டு குன்றுகளில் தங்கிவிட்டது. ஆகவே இந்த மரம் இவ்வளவு அரிதானதற்கு மனிதன் மட்டும் காரணமல்ல. ஆனால் ஏற்கெனவே சுருங்கி நிற்கும் இனத்தை மனிதன் உண்டாக்கும் மாற்றம் எளிதில் கவிழ்த்துவிடும் என்பதும் உண்மை.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

1. கூட்டம்: ஓரிடத்தில் வளர்ந்து, தங்களுக்குள் மகரந்தம் பரிமாறிக்கொள்ளும் ஒரே இன மரங்கள். கால்வர்ட்ஸ் குன்றில் இருப்பவை ஒரு கூட்டம், ரிஸ்டனில் இருப்பவை இன்னொன்று.

2. மரபணு வடிவம்: ஒரே மரபணு பல வடிவங்களில் இருக்கலாம். இலையில் மெழுகு அதிகம் சுரக்கச் செய்யும் வடிவம் ஒன்று, குறைவாகச் சுரக்கச் செய்வது ஒன்று என்று. பாடப்புத்தகத்தில் இதை அல்லீல் என்பார்கள். ஒவ்வொரு மரமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் வைத்திருக்கும்.

3. மரபணு ஓட்டம்: மகரந்தம் வழியாகவோ விதை வழியாகவோ ஒரு கூட்டத்தின் மரபணு வடிவங்கள் மற்றொரு கூட்டத்துக்குப் போவது. யூகலிப்டஸ் விதை பொடிப்பொடியாக இருக்கும், இறக்கை கிடையாது, தாய்மரத்தின் அடியிலேயே பெரும்பாலும் விழும். மகரந்தத்தைப் பூச்சியும் பறவையும் நூற்றுக்கணக்கான மீட்டர், சில சமயம் அதற்கு மேலும் கொண்டுபோகும். 20 கிலோமீட்டர் என்பது இரண்டுக்குமே அதிகம்.

4. மரபணு நகர்வு: தகுதி, தகுதியின்மை எதுவும் இல்லாமல், வெறும் தற்செயலால் சில வடிவங்கள் பெருகுவதும் சில மறைவதும். சின்ன ஊரில் ஒரு கைத்தொழில் தெரிந்த ஒரே குடும்பத்துக்கு வாரிசு இல்லாமல் போனால், தொழில் மோசம் என்பதால் அல்ல, ஆள் இல்லாததால் ஊரைவிட்டே அந்தத் தொழில் போய்விடும். சிறிய கூட்டத்தில் மரபணு வடிவங்களுக்கும் இதுதான் நடக்கிறது.

கண்ணால் பார்க்கக்கூடிய வேறுபாடு

ஒரே இனத்தின் கூட்டங்களுக்குள் வேறுபாடு இருக்கும் என்பதை ஹோபார்ட்டின் பின்னால் நிற்கும் 1,271 மீட்டர் உயர வெலிங்டன் மலையில் ஏறினாலே பார்த்துவிடலாம். அங்கே யூகலிப்டஸ் அர்னிஜெரா என்ற இனம் வளர்கிறது. மலையின் கீழ்ப்பகுதியில் இதன் இலைகள் பளபளக்கும் பச்சை. மேலே ஏற ஏற இலையில் மெழுகுப் பூச்சு கூடி, மரமே நீறு பூத்ததுபோல் வெளுத்துக்கொண்டே போகும். பார்பர், ஜாக்சன் ஆகிய இருவரும் 1957இல் இதை விவரித்து, இயற்கைத் தேர்வு கண்முன் நடப்பதன் சான்றாக முன்வைத்தார்கள். கீழே பச்சை இலைக்காரருக்கு அனுகூலம், மேலே உறைபனியில் மெழுகு இலைக்காரருக்கு அனுகூலம்.

இது மண்ணாலும் குளிராலும் வரும் மேலோட்டமான மாற்றமா, பிறவிக் குணமா? இதைக் கண்டுபிடிக்க வழி எளிமையானது. பல இடங்களின் விதையை எடுத்து ஒரே நிலத்தில், ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் வளர்க்க வேண்டும். அங்கேயும் வேறுபாடு நீடித்தால் அது மரபணுவில் எழுதப்பட்டது. இதைப் பொதுத் தோட்டச் சோதனை என்பார்கள். நாற்றங்காலில் பொறுமையாக உட்கார்ந்து இலை நீளம் அளக்கும் வேலைதான். இருந்தாலும் மரப் பாதுகாப்பில் இதற்கு இணையான சான்று குறைவு என்றே நினைக்கிறேன். ஆய்வகத்தில் படிக்கும் மரபணுக் குறியீடுகள் பெரும்பாலும் இரண்டு கூட்டங்கள் எவ்வளவு காலமாகப் பிரிந்திருக்கின்றன என்பதைக் காட்டும். எந்த நாற்று உறைபனியைத் தாங்கும், எது வறட்சியில் வாடும் என்பதைத் தோட்டம்தான் காட்டும்.

சிறிய கூட்டம் எதை இழக்கிறது: ஒரு கணக்கு

ஒரு கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்யும் மரங்கள் எத்தனை என்பதை வைத்து, ஒரு தலைமுறையில் எவ்வளவு மரபணு வேறுபாடு கசிந்துபோகும் என்று சொல்ல ஒரு வாய்ப்பாடு உண்டு. மரங்களின் எண்ணிக்கையை இரட்டித்து, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

20 மரங்கள் என்றால் ஒன்றை நாற்பதால் வகுக்க, தலைமுறைக்கு 2.5 சதவீதம் இழப்பு. பத்துத் தலைமுறையில் 22 சதவீதம் அளவுக்குப் போய்விடும். 1,000 மரங்கள் என்றால் தலைமுறைக்கு 0.05 சதவீதம். பத்துத் தலைமுறை ஆனாலும் அரை சதவீதம்தான்.

ஆனால் இந்தக் கணக்கு ஆண்டுக்கானது அல்ல, தலைமுறைக்கானது. யூகலிப்டஸ் பலவற்றின் அடியில், மண்ணை ஒட்டி, மரக்கட்டையும் உறங்கும் மொட்டுகளும் சேர்ந்த ஒரு முண்டு இருக்கும். தீ எரித்தாலும் தண்டு பட்டுப்போனாலும் அந்த அடிக்கிழங்கிலிருந்து மரம் மறுபடி துளிர்க்கும். எனவே ஒரு தனி மரத்தின் ஆயுள் நாம் பார்க்கும் தண்டின் ஆயுளைவிட மிக அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மீலப் கரையோரத்தில் உள்ள யூகலிப்டஸ் ஃபைலாசிஸ் பல புதர்களாகத் தெரிந்தாலும், மரபணுச் சோதனையில் அத்தனையும் ஒரே செடி என்று தெரியவந்தது. அதன் வயது 6,000 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தலைமுறை நீளமானால் இழப்பின் வேகமும் குறையும். இருபது மரம்தானே, இதில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று ரிஸ்டன் கூட்டத்தைக் கைகழுவ முடியாததற்கு இது முதல் காரணம்.

இழப்பு வேறொரு வழியிலும் வரும். யூகலிப்டஸ் மரம் அடுத்த மரத்தின் மகரந்தத்தையும் ஏற்கும், தன் மகரந்தத்தையே ஏற்றும் விதை கட்டும். கூட்டம் அடர்த்தியாக இருந்தால் அயல் மகரந்தம் தாராளமாகக் கிடைக்கும். மரங்கள் சிதறிவிட்டால் தன் மகரந்தத்தின் பங்கு கூடும். அப்படிப் பிறக்கும் நாற்றுகளில் பல குட்டையாக நிற்கும், பல சீக்கிரமே சாகும். நியூ சவுத் வேல்ஸில் உள்ள யூகலிப்டஸ் ரிகர்வா இந்த நிலையின் கடைசிப் படி. உலகத்தில் அறியப்பட்டவை ஆறு செடிகள் வாக்கில்தான், அவையும் ஒன்றுக்கொன்று தொலைவில். ஆயுள் இருக்கிறது, துணை இல்லை.

மாரிஸ்பியில் ஆய்வு சொன்னது

டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ட்ஷயர், பாட்ஸ், ரீட் மூவரும் 1991இல் மாரிஸ்பியின் உறவுமுறை, வேறுபாடு, பாதுகாப்பு நிலை ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். 2005இல் அதே பல்கலைக்கழகத்தின் ஜோன்ஸ் முதலான ஆய்வாளர்கள் மரபணுக் குறியீடுகளைக் கொண்டு கூட்டங்களை அளந்தார்கள். பாதுகாப்புக்கு முக்கியமான முடிவு இதுதான்: கால்வர்ட்ஸும் ரிஸ்டனும் மரபணு அளவில் தெளிவாக வேறுபட்டவை. ஒன்று மற்றொன்றின் சிறிய நகல் அல்ல.

இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். மரங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ரிஸ்டன் மொத்தத்தில் ஒரே ஒரு சதவீதம். ‘பெரிய கூட்டத்தைக் காப்போம், சின்னது போனால் போகட்டும்’ என்று முடிவெடுக்க இது வசதியான காரணம். ஆனால் இனத்தின் மொத்த வேறுபாட்டில் ஒரு பெரும் பங்கு கூட்டங்களுக்கு இடையேதான் இருக்கிறது என்றால், அந்த இருபது மரங்களை இழப்பது ஒரு சதவீத இழப்பு அல்ல. நிதி ஒதுக்குபவர்கள் தலையெண்ணிக்கையைப் பார்ப்பது இயல்பு. இந்த இடத்தில் அந்தப் பழக்கம் தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

கால்வர்ட்ஸ் குன்று சரிந்தது

அப்புறம் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. ஆபத்து சிறிய கூட்டத்துக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, பெரிய கூட்டம் சரிந்தது. 2010களின் நடுப்பகுதிக்குள் கால்வர்ட்ஸ் குன்றின் முதிர்ந்த மரங்களில் மிகப் பெரும்பாலானவை பட்டுப்போயின. இத்தனைக்கும் அது பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காப்பகம். யாரும் வெட்டவில்லை, வீடு கட்டவில்லை. காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன:

1. வறட்சியும் வெப்பமும். நீண்ட மழைக் குறைவு மரங்களைத் தளர்த்தியது. தளர்ந்த மரம் ஒரு முறை இலை இழந்தால் மறுபடி துளிர்க்கத் தேவையான சேமிப்பு குறைவு.

2. இலைவண்டுகள். பரோப்சிஸ்டெர்னா வகை வண்டுகள் யூகலிப்டஸ் இளந்தளிரையே குறிவைப்பவை. புழுவும் தின்னும், வளர்ந்த வண்டும் தின்னும்.

3. பிரஷ்டெயில் போசம். மரமேறும் இந்தப் பைப்பாலூட்டி இரவில் வந்து தளிரை மேயும். மரம் வண்டுக்குப் பிறகு துளிர்த்ததை இது மொட்டையடிக்கும். நோயும் பஞ்சமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

4. விதை இல்லாமல் போனது. என் கணிப்பில் இதுதான் மிக ஆழமான அடி. யூகலிப்டஸ் தன் விதையை மண்ணில் சேமிப்பதில்லை. மரத்தின் உச்சியில், மரக்கட்டை போன்ற காய்களுக்குள்தான் சேமிப்பு. மொட்டு வந்து, பூத்து, காய் முற்றுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆண்டுதோறும் கிளைநுனி தின்னப்பட்டால் மொட்டே வராது. மரம் உயிரோடு நின்றாலும் அதன் விதைக் களஞ்சியம் காலி. பிறகு அந்த மரம் சாகும்போது அதன் கீழே மண்ணில் காத்திருக்கும் விதை எதுவும் இல்லை.

இந்த நான்காவது காரணத்தால்தான் மரங்களை எண்ணி மட்டும் நிலைமையை மதிப்பிடக் கூடாது. எண்ணிக்கை குறையத் தொடங்கும் முன்பே இனப்பெருக்கம் நின்றிருக்கும். காய் இருக்கிறதா, நாற்று இருக்கிறதா என்று பார்த்திருந்தால் எச்சரிக்கை முன்னாலேயே கிடைத்திருக்கும். வேலியும் கூண்டும் போட்டுப் போசத்தைத் தடுத்த இடங்களில் எஞ்சிய அடிக்கிழங்குகள் துளிர்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. ஆனால் வண்டைத் தடுக்க வேலி உதவாது, வறட்சியைத் தடுக்கவும் உதவாது.

உறவு மரமான கன்னியையின் ஒரு துணையினத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதி. நடுப் பீடபூமியில் மியெனா வட்டாரத்தில் வளரும் அந்த மரத்தின் இனிப்பான சாற்றைத் தீவின் பூர்வகுடியினர் இறக்கிப் புளிக்கவைத்துக் குடித்துவந்தார்கள். 1990கள் தொடங்கி வறட்சியாலும் மேய்ச்சலாலும் அங்கே மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கின்றன.

கலப்பு என்னும் மறைவான ஆபத்து

யூகலிப்டஸ் இனங்களுக்கு இடையே வேலி பலவீனமானது. ஒரே பிரிவைச் சேர்ந்த இனங்கள் எளிதில் கலக்கும். மாரிஸ்பியைச் சுற்றி வளரும் வெண்பிசின் மரமான யூகலிப்டஸ் விமினாலிஸ் அப்படி ஓர் உறவு. இரண்டும் கலந்த மரங்கள் இயற்கையிலேயே காணப்படுகின்றன.

பெரிய கூட்டத்தில் இது பெரிய விஷயமில்லை. ஆயிரம் மாரிஸ்பி பூத்திருக்கும்போது பூச்சியும் பறவையும் கொண்டுவருவது பெரும்பாலும் மாரிஸ்பி மகரந்தம்தான். இருபது மரம் மட்டும் நின்று, சுற்றிலும் விமினாலிஸ் காடு பூத்தால், வந்து விழும் மகரந்தத்தில் அயல் இனத்தின் பங்கு கூடிவிடும். விதை மாரிஸ்பி மரத்தில் காய்த்தது, ஆனால் பிறப்பது பாதி மாரிஸ்பி. இப்படிச் சில தலைமுறை போனால் மரங்கள் நிற்கும், இனம் கரைந்துவிடும். டாஸ்மேனியாவில் மரக்கூழுக்காகப் பெருமளவில் நடப்படும் யூகலிப்டஸ் நிட்டென்ஸும் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட இனம்தான். அதன் மகரந்தம் அண்டையிலுள்ள உள்ளூர் இனங்களில் கலப்பு நாற்றுகளை உண்டாக்குவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அரிய மரத்துக்கு அருகே எந்த யூகலிப்டஸை நடுகிறோம் என்பதும் ஆகவே பாதுகாப்பு முடிவுதான்.

விதை எடுப்பதிலும் கணக்கு உண்டு

கால்வர்ட்ஸ் சரிந்தபோது இனம் முற்றாகப் போகாமல் தாங்கிப் பிடித்தவை, முந்தைய ஆண்டுகளில் எடுத்த விதையிலிருந்து வேறு இடங்களில் நட்டு வளர்த்திருந்த மரங்கள். காட்டில் விதை கிடைக்காத காலத்தில் அந்தத் தோட்டங்கள் விதை தந்தன. ஹோபார்ட்டில் உள்ள அரச டாஸ்மேனியத் தாவரவியல் பூங்காவில் 2005இல் தொடங்கிய விதைப் பாதுகாப்பு மையம், இங்கிலாந்தின் மில்லேனியம் விதை வங்கியோடு இணைந்து, தீவின் அரிய தாவரங்களின் விதையை உலர்த்தி உறைகுளிரில் சேமிக்கிறது. யூகலிப்டஸ் விதை இப்படிச் சேமிக்க ஏற்றது. பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

எத்தனை மரத்திலிருந்து எடுக்க வேண்டும்? கூட்டத்தில் நூறு படிகளில் ஐந்தில் மட்டும் உள்ள ஓர் அரிய மரபணு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். தற்செயலாகத் தேர்ந்த 30 மரங்கள் என்றால் 60 படிகள். அந்த 60இலும் அது சிக்காமல் போகும் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது 30 உறவில்லாத மரங்கள் கிடைத்தால் அந்த அரிய வடிவம் நம் கைக்கு வர 95 சதவீத வாய்ப்பு. ஒரே மரத்தில் சாக்கு நிறைய விதை எடுப்பது இதற்கு ஈடாகாது. காய் நிறைந்த ஒரு மரம் கைக்கெட்டும் உயரத்தில் நின்றால் அதிலேயே சேகரித்துவிட்டுத் திரும்புவது எவருக்கும் தோன்றும். நம் ஊர் மரம் நடும் இயக்கங்களிலும் இதே சறுக்கல் உண்டு. ரிஸ்டனில் முப்பதே இல்லாததால் அங்கே கணக்கு சுலபம்: ஒவ்வொரு மரத்திலிருந்தும் எடுக்க வேண்டும், தாய்மரம் வாரியாகத் தனித்தனிப் பையில் வைக்க வேண்டும்.

சேர்ப்பதா, பிரித்தே வைப்பதா

இப்போது எல்லாம் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. இரண்டு கூட்டத்தின் விதையையும் ஒரே தோட்டத்தில் கலந்து நடலாமா?

பிரித்து வைக்கச் சொல்பவர்களின் வாதம்: ஒவ்வொரு கூட்டமும் தன் குன்றுக்கு ஏற்பப் பழகியிருக்கும். கலந்தால் அந்தப் பொருத்தம் கெடலாம். மேலும், ஒருமுறை கலந்தால் பிரிக்க முடியாது.

சேர்க்கச் சொல்பவர்களின் வாதம்: தன் மகரந்தத்தால் நலிந்த வாரிசு வழிகளுக்குப் புதிய மகரந்தம் உயிர் கொடுக்கும். இரண்டு கூட்டமும் பிரிந்திருப்பதற்குப் பெரும்பாலும் தற்செயல் நகர்வுதான் காரணம் என்றால், கலப்பால் கெடுவதற்கு அங்கே பெரிய பொருத்தம் எதுவும் இல்லை. தவிர, அந்தக் குன்றுகளின் காலநிலையே மாறிக்கொண்டிருக்கும்போது நேற்றைய பொருத்தத்தைக் கட்டிக்காத்து என்ன பயன்?

இரண்டு வாதமும் ஒரே இடத்துக்குப் பொருந்துபவை அல்ல என்பதே என் எண்ணம். ரிஸ்டனிலும் கால்வர்ட்ஸிலும், அவற்றுக்கு அருகிலும், அந்தந்தக் கூட்டத்தின் வாரிசுகளை மட்டுமே நட வேண்டும். விதை வங்கியிலும் இரண்டும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். இரண்டுக்கும் தொலைவில், புதிதாக உண்டாக்கும் தோட்டம் ஒன்றில் தாராளமாகக் கலக்கலாம். அங்கே பிறக்கும் கலப்பு நாற்றுகளைத் தூய நாற்றுகளோடு ஒரே நிலத்தில் வளர்த்துப் பார்த்தால், இருபது ஆண்டுகளில் இந்த விவாதத்துக்குக் கண்ணால் காணும் பதில் கிடைக்கும். இப்போதே ஒரு பக்கம் சாய்ந்து எல்லா இடத்திலும் கலப்பதோ, எங்கேயும் கலக்க மாட்டோம் என்பதோ, திரும்ப முடியாத பந்தயம்.

அடுத்த தலைமுறை எங்கே வளரும்

வெப்பம் கூடும்போது ஒரு மரத்துக்கு நகர இரண்டு திசைகள்: துருவத்தை நோக்கி, அல்லது மலை மேலே. டாஸ்மேனியாவின் தெற்கே கடல்தான், நிலம் இல்லை. மேலே போகலாம் என்றால், தாய்மரத்தின் அடியிலேயே விழும் விதை நகரத்தையும் வயலையும் ஆற்றையும் தாண்டித் தானாக ஏறாது. மனிதர்தான் கொண்டுபோய் நட வேண்டும்.

அப்படி இடம் தேர்வதற்கு இதுவரை பார்த்தவற்றிலிருந்தே நிபந்தனைகள் வருகின்றன:

1. விமினாலிஸ், கன்னியை போன்ற கலக்கக்கூடிய உறவு இனங்களும் நிட்டென்ஸ் தோட்டங்களும் மகரந்தம் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. மலை மேலே போகும்போது கன்னியையின் எல்லைக்குள் நுழைய நேரும் என்பதால் இந்த நிபந்தனை காகிதத்தில் எழுதுவதுபோல் எளிதல்ல.

2. முதல் சில ஆண்டுகளுக்கு வேலியும் கூண்டும் பராமரிக்க ஆள் இருக்க வேண்டும். நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் போசத்துக்குத்தான் விருந்து.

3. ஒரே இடத்தில் பெரிய தோட்டம் என்பதைவிடப் பல இடங்களில் நடுத்தரத் தோட்டங்கள் மேல். கால்வர்ட்ஸ் கூட்டம் முழுவதும் ஒரே வறட்சியில், ஒரே வண்டுப் படையில் சிக்கியது.

மாரிஸ்பி மரம் டாஸ்மேனிய மாநிலத்தின் 1995 சட்டத்தின் கீழும் ஆஸ்திரேலியாவின் 1999 தேசியச் சட்டத்தின் கீழும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் உள்ளது. பட்டியலில் இருப்பதால் அதை வெட்டுவது தடுக்கப்படும், ஆய்வுக்கும் நடவுக்கும் வழி திறக்கும். ஆனால் கோடரி எடுத்தவன் யாரும் இல்லாமலே கால்வர்ட்ஸ் கூட்டம் போனதால், எத்தனை கன்று நட்டோம் என்ற அறிக்கையை வைத்து இந்த வேலையை அளக்க முடியாது. நட்ட மரங்கள் பூத்து, காய் முற்றி, அவற்றின் அடியில் யாரும் விதைக்காத நாற்று முளைத்து, அந்த நாற்றைச் சோதித்தால் அது விமினாலிஸ் கலப்பில்லாத மாரிஸ்பியாக இருக்க வேண்டும். அது ரிஸ்டன் வழியா கால்வர்ட்ஸ் வழியா என்பதையும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.